பேசாத வீரருக்கு நாம் எழுதும் வசனம்

2023 டிசம்பர் 8. தெற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து டொராண்டோவுக்கு ஒரு தனி விமானம் பறந்துகொண்டிருந்தது. எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் இணையதளத்தில் அந்தச் சின்னக் குறி நகர்வதை பேஸ்பால் ரசிகர்கள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானிய நட்சத்திர வீரர் ஷோஹெய் ஓடானி அதில் இருக்கிறார், டொராண்டோ அணியில்தான் சேரப் போகிறார் என்று செய்தியே வந்துவிட்டது. விமானம் இறங்கியது. அதிலிருந்து வந்தது ஒரு கனடா தொழிலதிபரும் அவருடைய குழந்தைகளும். ஓடானி கலிஃபோர்னியாவை விட்டு நகரவே இல்லை. மறுநாள், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியில் சேர்வதாக அவரே இன்ஸ்டாகிராமில் போட்டார். 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம்.

எந்த அணிக்குப் போகிறார் என்பதைப் பற்றி அதுவரை அவர் வாயே திறக்கவில்லை. இந்தக் கூத்துக்கெல்லாம் மூலகாரணம் அதுதான். அவருடைய சுபாவமே அப்படி. சில வாரங்களுக்கு முன் விருது அறிவிப்பு நேரலையில் பக்கத்தில் ஒரு நாயோடு உட்கார்ந்திருந்தார். நாயின் பெயர் என்ன என்று எல்லோரும் துளைத்தெடுத்தார்கள்; பதில் வரவில்லை. 'டெகாய்' என்று டிசம்பர் நடுவில்தான் தெரிந்தது. 2024 பிப்ரவரி கடைசியில், கல்யாணம் ஆகிவிட்டது என்று ஒரு பதிவு. யாரோடு என்பது அதில் இல்லை. அப்போதெல்லாம் ஊரே சிரித்து ரசித்தது. எவ்வளவு கூச்ச சுபாவம், எவ்வளவு அடக்கம்!

மூன்றே வாரம்தான். மார்ச்சில் அவருடைய மொழிபெயர்ப்பாளர் இப்பெய் மிசுஹாரா சூதாட்ட விவகாரத்தில் வேலையிழந்தார். ஓடானியின் கணக்கிலிருந்து சூதாட்டத் தரகருக்குப் பெரும்பணம் போயிருந்தது. நேற்றுவரை அழகாக இருந்த அதே மௌனம் ஒரே நாளில் சாட்சியமாக மாறியது. 'நாய் பெயரையே மறைத்தவர் வேறு எதையெல்லாம் மறைத்திருப்பார்?' என்கிற தொனியில் பேச்சு ஓடியது. சில நாள் கழித்து அவர் செய்தியாளர்கள் முன் வந்து அறிக்கை கொடுத்துவிட்டு, கேள்வி எதுவும் வாங்காமல் போனது சந்தேகத்தை இன்னும் ஊதிவிட்டது. பிறகு விசாரணை நடந்தது. மிசுஹாரா வங்கிக்குத் தொலைபேசியில் பேசும்போது தன்னை ஓடானி என்றே சொல்லிக்கொண்டு, ஏறத்தாழ 1.7 கோடி டாலரைத் திருடியது வெளியே வந்தது. 2024 ஜூனில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2025 பிப்ரவரியில் 57 மாதச் சிறைத்தண்டனை.

நம் மொழியில் இரண்டு பழமொழிகள் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கின்றன. ஒன்று, 'நிறைகுடம் தளும்பாது'. இன்னொன்று, 'ஊமை ஊரைக் கெடுக்கும்'. பேசாத ஒருவரைப் பார்த்து இரண்டில் எதைச் சொல்வது என்பதை அந்த ஆளின் குணம் தீர்மானிப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. விளையாட்டைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஸ்கோர்போர்டுதான் தீர்மானிக்கிறது.

இதற்குக் கவாய் லெனர்டைப் போல ஓர் உதாரணம் கிடைக்காது. கூடைப்பந்தில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்காக 2014 இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் விருதை வாங்கியபோது அவருக்கு வயது 22. கேள்வி கேட்டால் நாலு வார்த்தை, முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. அமெரிக்கா அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஆர்ப்பாட்டம் இல்லாத, வேலையை மட்டும் பார்க்கிற இளைஞர். 2017-18 பருவத்தில் தொடைத்தசைக் காயம். மொத்தம் 9 ஆட்டம்தான் ஆடினார். விளையாடலாம் என்றது அணியின் மருத்துவக் குழு. அவருடைய சொந்த மருத்துவர்கள் வேறு சொன்னார்கள். அவரோ, வழக்கம்போல, ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அதே முகம் 'அழுத்தக்காரன்' ஆனது. அணியை முதுகில் குத்துகிறார், உள்ளுக்குள் ஏதோ திட்டம் போடுகிறார் என்றார்கள். 2018 ஜூலையில் டொராண்டோவின் கூடைப்பந்து அணிக்கு மாற்றப்பட்டார். மறு ஆண்டு மே 12, பிலடெல்ஃபியாவுக்கு எதிரான தொடரைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடி. அவர் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் நான்கு முறை குதித்துவிட்டு உள்ளே விழுந்தது. அடுத்த மாதம் டொராண்டோவுக்கு முதல் பட்டம். அந்த இறுகிய முகம் மறுபடி ஞானியின் முகமாகிவிட்டது.

ஐந்து வருடத்தில் அந்த மனிதர் மாறியதாகத் தெரியவில்லை. பந்து விளிம்பிலிருந்து வெளியே விழுந்திருந்தால் மூன்றாவது கதையை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. தோனியின் நிதானம் 2011 உலகக் கோப்பையில் பனிமலை. அதே ஆண்டு இங்கிலாந்திலும், அதைத் தொடர்ந்து ஆஸ்திரேலியாவிலும் 4-0, 4-0 என்று தோற்றபோது அதே நிதானத்துக்கு 'கவலையே படாத ஆள்' என்று பெயர்.

ஏன் இப்படி? ஒருவர் நடந்துகொள்வதற்குச் சூழ்நிலையில் காரணம் தேடாமல், நேராக அவருடைய குணத்தில் தேடுவது நம் எல்லோருக்கும் உள்ள வியாதி. உளவியலாளர் லீ ராஸ் 1977இல் இதற்கு ஒரு பெயர்கூட வைத்தார். நாம் பேசாமல் இருந்தால் தலைவலி. அடுத்தவர் பேசாமல் இருந்தால் தலைக்கனம். இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956இல், தொலைக்காட்சி வந்த புதிதிலேயே, ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். திரையில் தினமும் பார்க்கும் முகத்தோடு நமக்கு ஒரு பழக்கம் உண்டாகிவிடுகிறது. அது ஒருதலைப் பழக்கம். அந்த ஆளுக்கு நம்மைத் தெரியாது. தெரியாது என்பது நமக்கும் தெரியும், ஆனாலும் உறவு உறவுதான். பத்து வருடமாக ஒருவருடைய ஆட்டத்துக்காகத் தூக்கம் கெட்டவர், அவர் நாலு வார்த்தை பேச மறுத்தால், வீட்டுக்குப் போய் வாசலோடு திரும்பி வந்ததுபோல் உணர்கிறார். கோபம் நியாயமா என்றால் இல்லை. புரிந்துகொள்ள முடியாததும் இல்லை.

சரி, ரசிகர் கதை இது. பெரும்பாலான ரசிகர்கள் வீரரை நேரில் பார்ப்பதே இல்லையே, அவருடைய குணம் இவர்களுக்கு எப்படித் தெரியும்? எழுதுபவர்கள் மூலமாகத்தான். ஒரு வீரர் பேச மறுத்தால் முதலில் அடிபடுவது செய்தியாளரின் வேலை. ஆட்டம் முடிந்து அரை மணியில் செய்தி அனுப்ப வேண்டியவருக்கு மேற்கோள் இல்லை. அந்த வீரர் எப்படிப்பட்டவர் என்று உலகத்துக்குச் சொல்லப்போவதும் அதே ஆள்தான். வழக்குப் போட்டவரே நீதிபதி நாற்காலியிலும் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

பேஸ்பாலில் இது பேச்சுக்குச் சொல்வதல்ல, நிஜமாகவே அப்படித்தான். ஆண்டின் மதிப்புமிக்க வீரர் யார், சாதனையாளர்களைக் கௌரவிக்கும் புகழ்மண்டபத்தில் யாருக்கு இடம் என்பதற்கெல்லாம் ஓட்டுப் போடுபவர்கள் அந்த விளையாட்டைப் பற்றி எழுதும் செய்தியாளர்கள். பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸுக்கும் அந்த ஊர்ப் பத்திரிகைகளுக்கும் ஏழாம் பொருத்தம். 1947இல் மட்டையடிச் சராசரி, ஹோம் ரன், அணிக்குச் சேர்த்த ரன் ஆகிய மூன்றிலும் தன் லீகில் முதலிடம் அவருக்குத்தான். விருது ஜோ டிமாஜியோவுக்குப் போனது. புள்ளிக்கணக்கு 202க்கு 201. வெறுப்பில்தான் அந்த ஒரு புள்ளி போனது என்று நிரூபிக்க முடியாது. டிமாஜியோவின் அணி அந்த ஆண்டு பட்டம் வென்றது. ஆனால் அந்தச் சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. மறுபக்கம் ஸ்டீவ் கார்ல்டன் இருக்கிறார். 1970களின் பிற்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் செய்தியாளர்களிடம் பேசவே மறுத்த பந்தெறிவாளர். அவருக்குச் சிறந்த பந்தெறிவாளர் விருதை நான்கு முறை கொடுத்ததும், 1994இல் முதல் வாய்ப்பிலேயே 95 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் போட்டுப் புகழ்மண்டபத்தில் ஏற்றியதும் அதே செய்தியாளர்கள்தான். ஆக, எழுதுபவர்கள் எல்லோரும் பழிவாங்குபவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் 329 ஆட்டம் வென்றவருக்குக் கிடைக்கிற மரியாதை 129 வென்ற வாயில்லாப் பூச்சிக்குக் கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது பணத்துக்கு வருவோம். பெரிய லீகுகளில் செய்தியாளரைச் சந்திப்பது வீரரின் விருப்பம் அல்ல, ஒப்பந்தக் கடமை. செய்தியாளர் சந்திப்பு நடக்கும் மேடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பின்னால் இருக்கும் பலகை முழுக்க விளம்பரதாரர்களின் சின்னங்கள், மேசையில் லேபிள் தெரியும்படி திருப்பி வைத்த பாட்டில். வீரர் என்ன சொல்கிறார் என்பதைவிட அந்தப் பலகைக்கு முன்னால் அவர் முகம் இருப்பதுதான் அங்கே விற்பனைக்கு.

அமெரிக்கக் கால்பந்தில் சியாட்டில் சீஹாக்ஸின் மார்ஷான் லின்ச் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். பேச மறுத்ததற்காக 2014 நவம்பரில் அவருக்கு 1,00,000 டாலர் அபராதம். 2015 ஜனவரி 27, லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலுக்கு முந்தைய செய்தியாளர் நாள். வந்தார், உட்கார்ந்தார், ஐந்து நிமிடத்துக்குக் கைபேசியில் நேரம் வைத்தார். கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே பதில்: அபராதம் போடக்கூடாதே என்றுதான் வந்திருக்கிறேன். 29 முறை. ஐந்து நிமிடம் ஆவதற்குள் எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் கழித்து இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: என்னிடமிருந்து என்ன கதை எதிர்பார்க்கிறீர்கள் என்றே தெரியவில்லை, உங்களுக்கு வேண்டியதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்ற பொருளில். மௌனமாக இருப்பவர்களின் பிரச்சினையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அதே அணியில் ரிச்சர்ட் ஷெர்மன் இருந்தார். லின்சுக்கு நேர் எதிர்; பேசினால் நிறுத்த மாட்டார். ஓராண்டுக்கு முன், 2014 ஜனவரியில், வென்ற சூட்டில் தொலைக்காட்சி மைக்கில் எதிரணி வீரரைப் பற்றிக் கத்திவிட்டார். உடனே அவரை 'ரவுடி' என்றார்கள். ஸ்டான்ஃபோர்டில் தகவல்தொடர்பு படித்தவர்! கறுப்பின மக்களைத் திட்டும் பழைய வசைச்சொல்லுக்கு நாகரிக மாற்றாகத்தான் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். ஒரே உடைமாற்றும் அறையில் இரண்டு கறுப்பின வீரர்கள். பேசியவருக்கும் திட்டு, பேசாதவருக்கும் திட்டு. இதை ஃபின்லாந்தின் கிமி ராய்க்கோனனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபார்முலா 1இல் அவரும் பேட்டி என்றால் முகத்தைச் சுளிப்பவர். 2012இல் அபுதாபி பந்தயத்தின் நடுவே, 'என்னை விடுங்கள், எனக்குத் தெரியும்' என்று தன் பொறியாளரையே ரேடியோவில் வெட்டிவிட்டார். அந்த வாசகம் டி-ஷர்ட்டாக வந்தது, ரசிகர்கள் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். 'பனிமனிதர்' என்று செல்லப் பெயர் வேறு. நாடும் விளையாட்டும் வேறுதான், இருந்தாலும் யாருடைய மௌனம் குறும்பு, யாருடையது திமிர் என்பதில் ஆளைப் பார்த்துத் தீர்ப்பு மாறுவது கண்ணுக்குத் தெரிகிறது.

கூச்சமும் ரசிக்கத்தக்கதாக இருந்தால்தான் மன்னிப்பு. பிரெஞ்சுக் கால்பந்து வீரர் என்கோலோ கான்டே உலகக் கோப்பையை வென்றபோது சக வீரர்கள் அவர்மேல் பாட்டே கட்டிப் பாடினார்கள். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார், உலகம் உருகியது. நியாயம்தான், நானும் உருகினேன். ஆனால் எல்லோருடைய கூச்சமும் புன்னகையாக வெளிவருவதில்லை. சிலருக்கு அது இறுக்கமாக, ஒற்றைச் சொல் பதிலாக, சிலநேரம் எரிச்சலாக வரும். டென்னிஸில் 8 கிராண்ட்ஸ்லாம் வென்ற இவான் லெண்டிலுக்கு அப்படித்தான். யாரும் பொருட்படுத்தாத சாம்பியன் என்ற கருத்தில் 1986இல் ஓர் அமெரிக்க விளையாட்டு இதழ் அவரை அட்டையிலேயே போட்டது.

டென்னிஸ் வீராங்கனை நயோமி ஒசாகாவின் விவகாரத்தில் இத்தனை இழையும் ஒன்றாக வந்து முடிச்சு விழுந்தது. 2021 மே மாதம், ஃபிரெஞ்ச் ஓப்பன் தொடங்கும் முன், மனநலத்தைக் காரணம் காட்டி, செய்தியாளர் சந்திப்புக்கு வர மாட்டேன் என்று அறிவித்தார். முதல் சுற்றில் வென்றார், சொன்னபடியே போகவில்லை. 15,000 டாலர் அபராதம். நான்கு கிராண்ட்ஸ்லாம்களும் சேர்ந்து, தொடர்ந்தால் போட்டியிலிருந்து நீக்குவோம், பின்னால் தடையும் வரலாம் என்று எச்சரித்தன. மறுநாள் அவரே விலகினார். 2018 யூ.எஸ். ஓப்பன் முதல் நீண்ட மன அழுத்தக் காலங்களோடு போராடி வருவதாக அப்போதுதான் சொன்னார். அந்த 2018 இறுதியில் அவர் செரீனா வில்லியம்ஸை வென்று கோப்பை வாங்கியபோது அரங்கம் எதிர்ப்புக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. 20 வயதுப் பெண் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

விளம்பரத்துக்குச் சிரிப்பவர் செய்தியாளரிடம் பேசினால் என்ன என்று கேட்டவர்கள் நிறையப் பேர். அப்போது உலகிலேயே அதிகம் சம்பாதிக்கும் விளையாட்டு வீராங்கனை அவர் என்பதால் கேள்வி எடுபட்டது. ஆனால் இரண்டும் ஒன்றா? விளம்பரத்தில் என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே தெரியும், பிடிக்காவிட்டால் திரும்ப எடுக்கலாம். தோற்ற அரை மணியில், வியர்வை காயும் முன், 'களிமண் தளம் உங்களுக்கு ஏன் ஒத்துவரவில்லை' என்று நாலாவது முறையாகக் கேட்கப்படுவது வேறு. அவர் விலகிய அன்று பிரெஞ்சு டென்னிஸ் கூட்டமைப்பின் தலைவர் செய்தியாளர்கள் முன் வந்தார். அறிக்கையைப் படித்தார். ஒரு கேள்விகூட வாங்காமல் எழுந்து போய்விட்டார்.

இதில் நாம் போடும் குழப்பம் ஒன்று உண்டு. பேசாதவர்கள் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். கூச்சம் சுபாவம், சொந்த வாழ்க்கையை மூடிவைப்பது தேர்வு, பத்திரிகையோடு சண்டை போட்டு வாயை மூடுவது போராட்டம். 1982 உலகக் கோப்பையில் இத்தாலி அணி செய்தது கடைசி ரகம். முதல் சுற்றில் மூன்று ஆட்டமும் டிரா. பத்திரிகைகள் ஆட்டத்தோடு நிற்காமல் வீரர்களின் பணத்தையும் படுக்கையறையையும் பற்றி எழுத, அணி மொத்தமும் பேச்சை நிறுத்தியது. பேசும் பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுத்தார்கள்: 40 வயது கேப்டன் டினோ ஸோஃப். அணியிலேயே சொல்லுக்குப் பஞ்சம் உள்ள ஆள் அவர்தான்! அப்புறம் அர்ஜென்டினா, பிரேசில், போலந்து, மேற்கு ஜெர்மனி என்று வரிசையாக வீழ்த்திக் கோப்பையோடு போனார்கள். திட்டி எழுதியவர்கள் அதே மௌனத்தை ஒற்றுமை என்று எழுதினார்கள்.

இதனால் செய்தியாளர்கள் பக்கம் நியாயமே இல்லை என்றாகாது. இன்று பெரிய வீரருக்குப் பத்திரிகை தேவையில்லை. 2020 ஆகஸ்ட் 15 மாலை தோனி ஓய்வை அறிவித்தது ஓர் இன்ஸ்டாகிராம் பதிவில். 2014இல் மெல்போர்னிலும், ஆட்டம் முடிந்து செய்தியாளரிடம் வழக்கம்போல் பேசிவிட்டுப் போனார். டெஸ்ட் ஓய்வுச் செய்தி பிறகு வாரிய அறிக்கையாக வந்தது. அழகான விடைபெறல்கள்தான். ஆனால் சொந்தப் பக்கத்தில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. ஊக்கமருந்து, அடிதடி, பணமோசடி என்று வரும்போது கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும். அங்கே 'எனக்குத் தனிமை வேண்டும்' என்பது செல்லாது. நாய் பெயருக்குச் செல்லும். அதேசமயம், பேசுபவர் எல்லாம் திறந்த புத்தகம் என்று நினைத்தாலும் தப்பு. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் பேசாமல் இருந்தவரா? ஊக்கமருந்து எடுக்கவில்லை என்று வருடக்கணக்கில், மைக் கிடைத்த இடமெல்லாம் சொன்னவர். 2013 ஜனவரியில்தான் உண்மையை ஒப்புக்கொண்டார்.

ஆக, ரசிகர்கள் உண்மையில் கேட்பது தகவலை இல்லை என்றே தோன்றுகிறது. வலித்ததற்கு ஓர் அடையாளம் கேட்கிறார்கள். இயந்திரம்போல் ஆடுகிறார், சுவாரசியமே இல்லை என்று பெயர் வாங்கிய டென்னிஸ் வீரர் பீட் சாம்ப்ரஸ், 1995 ஆஸ்திரேலிய ஓப்பன் காலிறுதியில், பயிற்சியாளரின் நோயை நினைத்து ஆட்டத்தின் நடுவே விம்மி அழுதார். அன்றுதான் பலருக்கு அவர் மனிதராகத் தெரிந்தார். மெஸ்ஸிக்கு இன்னும் அதிக காலம் ஆனது. தேசிய கீதம் பாடுவதில்லை, சத்தம் போடுவதில்லை. 13 வயதிலேயே ஸ்பெயினுக்குப் போனவர் வேறு. 2016இல் தென் அமெரிக்க நாடுகளின் கோபா அமெரிக்கா போட்டி இறுதியில் பெனால்டியைத் தவறவிட்டு அணியை விட்டே விலகுகிறேன் என்றார் (சில வாரத்தில் திரும்பி வந்தார்). 'குளிர்ந்த நெஞ்சு' என்பது அர்ஜென்டினாவில் அவருக்குக் கிடைத்த வசை. பிறகு 2022 டிசம்பர் 9 இரவு, நெதர்லாந்தைத் தோற்கடித்துவிட்டுப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தவர், அந்தப் பக்கம் நின்ற எதிரணி வீரரைப் பார்த்து, 'என்னடா பார்க்கிறே, முட்டாள், போ அந்தப் பக்கம்' என்று சீறினார். அர்ஜென்டினாவில் அது காபிக் கோப்பைகளில் அச்சாகி விற்றது. அத்தனை வருடம் அவர் போட்ட கோல்கள் செய்யாததை அந்த ஒரு திட்டு செய்தது.

விளையாடும் காலத்தில் வாய் திறக்காதவர்கள் பலர் பிறகு பேசத்தான் செய்கிறார்கள். 'கர்ட்லி யாரிடமும் பேசமாட்டார்' என்பதே வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் கர்ட்லி ஆம்ப்ரோஸின் அடைமொழியாக இருந்தது. 405 டெஸ்ட் விக்கெட்டுக்குப் பிறகு சுயசரிதை எழுதினார், இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தார். பேட்டி என்றால் ஓடிய இங்கிலாந்துக் கால்பந்து வீரர் பால் ஸ்கோல்ஸ் தொலைக்காட்சியில் கால்பந்து விமர்சகராகிவிட்டார்.

டெட் வில்லியம்ஸ் 1960 செப்டம்பர் 28 அன்று, சொந்த மைதானத்தில், தன் வாழ்க்கையின் கடைசி அடியை ஹோம் ரன்னாக அடித்தார். குனிந்த தலையோடு சுற்றி ஓடி, நேராக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். வெளியே வரச்சொல்லிக் கூட்டம் கத்தியது. வரவில்லை, ரசிகர்களுக்குத் தொப்பியைத் தூக்கிக் காட்டும் வழக்கத்தை அவர் கைவிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. திமிர் பிடித்தவர் என்பதற்கு அந்தத் தொப்பிதான் வருடக்கணக்கில் ஆதாரம். 1991 மே 12 அன்று அதே மைதானத்தில் அவருக்கு ஒரு விழா. வயது 72. பேசி முடிக்கும் நேரத்தில் ஒரு தொப்பியை எடுத்தார். இந்த ஆள் தொப்பியைத் தூக்கியதே இல்லை என்று இனி யாரும் எழுத முடியாதபடி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் தூக்கிக் காட்டினார்.